அடிமூலைக் காய்

போடிமெட்டில் ஞானஜோதி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஜோதியக்கா என்று கேட்டால் செக்போஸ்ட்டில் நிற்கிற போலீஸ்காரர்கூட வழி காட்டுவார். ஓர் ஏலக்காயைக் கடித்து, விதையை நாக்கில் உருட்டி, அது இந்த மலையில் காய்த்ததா கப்பலில் வந்ததா என்று சொல்லிவிடுகிறவர். அவரைப் பற்றி நான் பத்திரிகையில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இரண்டும் புகழ்ந்து எழுதியவை. இது மூன்றாவது. இது பத்திரிகையில் வராது. ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன், "பழைய விஷயம், விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் இந்தப் பக்கத்துச் செய்திகளை அனுப்புகிறவன். அதில் வயிறு நிறையாது. முக்கால் ஏக்கரில் எனக்கும் ஏலம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நடுநிலையாளன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜோதியக்கா சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுத்தார், பிறகு இவரும் எடுத்தார். முப்பது வயதில் தேயிலை விலை விழுந்தது. வெளிநாட்டுத் தேயிலை வந்து இறங்கிவிட்டது என்றார்கள் சிலர். நம் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த நாடு வாங்குவதை நிறுத்திவிட்டது என்றார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும் லயத்துக்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் மானேஜர் பங்களாவைப் பூட்டிக்கொண்டு மலையிறங்கிப் போனார், திரும்பி வரவே இல்லை. ரேஷன் அரிசியையும் சர்ச்சில் கொடுத்த பழைய துணியையும் வைத்துக்கொண்டு அந்த லயத்தில் மூன்று மழைக்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். அக்காவின் கணவர் காச நோயில் போனது அந்த மூன்றாவது மழையில்தான்.

மகள் பின்சியைத் தூக்கிக்கொண்டு அக்கா ஏலக்காய் வேலைக்கு வந்தார். காய் உலர்த்துகிற ஸ்டோரில் எட்டு வருடம் அடுப்புக்கு விறகு போட்டார். அப்புறம் தரம் பிரிக்கிற வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைப் பொறுக்கிப் பொறுக்கிப் பிரிப்பார்கள். மற்றவர்கள் கண்ணால் பிரித்தார்கள். அக்கா சந்தேகம் வந்தால் கடித்துப் பார்ப்பார். இருபது வருடம் இப்படிக் கடித்ததில் நாக்கு தேர்ந்துவிட்டது. "நம்ம காயி மூக்குக்கு ஏறும் தம்பி. வெளிக்காயி நாக்கோட நின்னுரும்" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். நானும் கடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஏலக்காயாகத்தான் இருந்தது.

வெளிக்காய் என்று நாங்கள் சொல்வது குவாத்தமாலாவில் விளைந்த காயை. உலகப் படத்தில் அது எங்கே இருக்கிறது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பேரைச் சொல்லித் திட்டாத டீக்கடை கிடையாது. அந்தக் காய் விலை குறைவு. வேறு வழியாக உள்ளே வருகிறது, மலைக்காயோடு கலந்து மலைக்காய் விலைக்குப் போகிறது, அதனால்தான் நம் விலை விழுகிறது என்று சிறு விவசாயிகள் சங்கம் சொன்னது. இறக்குமதி வரியை ஏற்று, எல்லையை அடை என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டார்கள். ஒரு கூட்டத்தில் கல்லூரி வாத்தியார் ஒருவர் எழுந்து, உலகம் முழுக்க விற்கவும் வேண்டும், உலகத்திலிருந்து எதுவும் வரவும் கூடாது என்றால் எப்படி என்று கேட்டுவிட்டார். அவரை உட்கார வைத்த சத்தம் பூப்பாறை வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

சங்கத்தின் செயலாளர் ஜோமோன். படித்த பையன், மலையாளி, நல்லவன்தான். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பேங்க்காரர்களிடம் சண்டை போட்டு எத்தனையோ பேர் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவன். வரி ஏற வேண்டும் என்றால் முதலில் நம் வீட்டுக்குள் கலப்படம் இருக்கக் கூடாது என்று அவன்தான் ஏற்பாடு செய்தான். சங்கத்து ஷெட்டிலிருந்து விற்பனைக்கு ஏலக் கூடத்துக்குப் போகிற ஒவ்வொரு சாக்கையும் ஜோதியக்கா சோதித்துத்தான் அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, வாய் கொப்பளிக்க ஒரு செம்பு தண்ணீர். போடிமெட்டில் ரெண்டு செக்போஸ்ட், அக்கா செக்போஸ்ட்டில்தான் கெடுபிடி ஜாஸ்தி என்று ஜீப்காரர்கள் கேலி பேசினார்கள். அக்கா சிரித்துக்கொள்வார். அவருக்குப் பெருமையாக இருந்தது. தோட்டம் பூட்டினபோது யாரும் கேட்காத அவரை, இப்போது கேட்காமல் ஒரு சாக்குகூட நகராது.

சோதிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சாக்கின் வாயை அவிழ்க்க மாட்டார். கலக்கிறவன் நல்ல காயை மேலே போட்டுக் கண்ணில் காட்டுவான், மட்டமானதை அடியில் தள்ளுவான். அதனால் சாக்கைச் சாய்த்துப் போட்டு, அடிமூலையில் தையலைக் கோணி ஊசியால் நாலு விரற்கடை பிரித்து, அங்கேயிருந்துதான் ஒரு கை எடுப்பார். இந்த முறையில் ஒரு பெரிய வியாபாரியின் ஆளைக்கூடப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நான் முதலில் எழுதிய செய்தி அதுதான்.

ஐப்பசியில் ஏசுதாஸ் இரண்டு சாக்கு கொண்டுவந்தான். ஒன்றரை ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து ஏலச்செடி போட்டிருந்தவன். அக்கா போகிற சர்ச்சில்தான் அவனும் மனைவி மதலேனம்மாளும். முந்தின கோடையில் மழையே இல்லாமல் மலையில் பாதிச் செடி கருகிப் போனது. அவன் இரண்டு கிலோமீட்டர் கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து செடியைக் காப்பாற்றினான். அந்த வருடம் அவனுக்குத் தேறியது அந்த இரண்டு சாக்குதான். அதை விற்றுத்தான் அடுத்த வருடப் பாட்டம் கொடுக்க வேண்டும். தவறினால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அதை முன்னாலேயே சொல்லியும் வைத்திருந்தார்.

அக்கா முதல் சாக்கின் அடிமூலையைப் பிரித்தார். ஒரு கை எடுத்தார். மூன்று வெளுத்த காய்கள் கண்ணில் பட்டன. ஒன்றைக் கடித்தார், முகம் மாறியது. இன்னொன்றைக் கடித்தார். இரண்டாவது சாக்கைச் சாய்த்தார், அதன் மூலையிலும் இரண்டு.

"ஏசுதாசு, இது ஏதுப்பா?"

"என்னக்கா கேக்குறீங்க? நம்ம காட்டுக் காயிதான்."

"இது நம்ம காயில்ல."

ஏசுதாஸ் சிரித்தான். விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான். ஷெட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"யக்கா, மேல இருக்கிறதக் கடிச்சுப் பாருங்க. எங்க வேணாலும் கைய விட்டு எடுங்க."

அக்கா வாயை அவிழ்த்து மேலேயிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். நன்றாக மூக்குக்கு ஏறியது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் அன்று சொன்னது வேறு.

"மேல நல்லாத்தான் இருக்கும் தம்பி. இந்த வேல செய்றவய்ங்க அப்படித்தான செய்வாய்ங்க."

நல்ல காயே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அவன் அழுதான், பைபிள் மேல் சத்தியம் செய்கிறேன் என்றான். சாக்கைத் தரையில் கொட்டிப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விலை விழுந்து ஒரு வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத எதையோ திட்டிக்கொண்டிருந்தோம். திட்டுவதற்கு ஓர் ஆள் நேரில் கிடைத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் ரோட்டோரத்தில் கூடி, வெளிநாட்டு ஏலக்காயை எரிக்கும் போராட்டம் என்று பேனர் கட்டினார்கள். ஏசுதாஸின் இரண்டு சாக்கையும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஜோதியக்காவை முன்வரிசையில் நிறுத்தினார்கள். நான் போட்டோ எடுத்தேன். மண்ணெண்ணெய் நாற்றம் அடங்கி, சாக்கு எரிந்து, தீ காயைப் பிடித்தது. கோஷம் போட்டவர்கள் புகைக்கு விலகினார்கள். அக்கா மட்டும் விலகவில்லை. புகை அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதையும் எடுத்தேன். மறுநாள் பேப்பரில் "கலப்படத்தைக் கண்டுபிடித்த வீரப்பெண்மணி" என்று வந்தது அந்தப் படம்தான்.

அந்தப் படத்தை இப்போது பார்த்தால் தெரிகிறது, அது வீரம் இல்லை. ஸ்டோரில் எட்டு வருடம் அடுப்படியில் இருந்தவர் அவர். உலரும்போது தட்டிலிருந்து காய் நழுவி நெருப்பில் விழும். அந்தப் புகையை எத்தனையோ ஆயிரம் முறை சுவாசித்திருக்கிறார். வெளிக்காய் எரிந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மலைக்காய் எரிந்தால் தெரியும். இரண்டு சாக்கும் மலைக்காய் என்று அங்கேயே, முன்வரிசையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

"நூறு பேரு கைதட்டுறாய்ங்க தம்பி. அந்த நேரத்துல எம் பேச்சு எனக்கே வரல" என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை ஏசுதாஸ் வீட்டுக்குப் போனார். மதலேனம்மாள் கதவைத் திறந்தவள் வாசலை மறித்து நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே கேட்டார்.

"சாக்கு எங்க வாங்குனீங்க?"

"போடியில, பழைய சாக்குக் கடையில. அஞ்சு சாக்கு. மூணு பின்னாடி கெடக்கு. அதையும் எரிக்கப் போறீங்களா?"

அந்த மூன்று வெறும் சாக்கையும் எடுத்து அக்கா திருப்பிப் பார்த்தார். அடிமூலையில் சாக்கு மடிந்து தையலுக்குள் போகிற இடத்தில் விரலை விட்டு நோண்டினார். வெளுத்த காய்கள் உதிர்ந்தன. ஒரு சாக்கில் நாலு, ஒரு சாக்கில் ஒன்று. யாரோ ஒரு வியாபாரி வெளிக்காய் போட்டு வைத்திருந்த சாக்கு. காலி செய்யும்போது மூலையில் சிக்கியது சிக்கியபடியே கடைக்கு வந்திருக்கிறது. புதுச் சாக்கு வாங்கக் கட்டுப்படியாகாதவன் அதை வாங்கித் தன் காயை நிரப்பியிருக்கிறான். மற்ற யார் சோதித்திருந்தாலும் அந்தக் காய் கண்ணில் பட்டிருக்காது. அடிமூலையைப் பிரிக்கிறவர் இந்த மலையில் ஒருவர்தான். அக்கா கடித்ததும் வெளிக்காய்தான், சொன்னதும் சரிதான். அதை வைத்து யாரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினாரோ அந்த ஆள்தான் தப்பு.

மதலேனம்மாள் அழவில்லை. "அவரு போடிக்கு மூட்ட தூக்கப் போயிட்டாரு. நெலத்துக்காரரு நேத்தே ஆளு மாத்திட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அஞ்சு காயையும் முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா நேராக ஜோமோனிடம் போனார். நான் அப்போது சங்கத்து ஆபீசில் இருந்தேன். ஜோமோன் முழுவதையும் கேட்டான். அவன் முகம் சுண்டிப்போனது உண்மை. 

"சேச்சி, டெல்லியில இருந்து ஆபீசர்மார் அடுத்த வாரம் வரும். வரி கூட்டணும்னு நம்ம கொடுத்த ஹர்ஜி, அந்த மனு, அவங்க கையில இருக்கு. நம்மகிட்ட உள்ள ஒரே தெளிவு, ஒரே சாட்சி, சேச்சியோட நாக்குதான். அது தெத்திப்போச்சு, தப்பாப்போச்சுன்னு இப்ப சொன்னா எல்லாம் போகும். அவங்க போகட்டும். பின்ன ஏசுதாசுக்கு நானே எல்லாம் செஞ்சு தரேன்."

"அவென் பேரு?"

"ஒரு ஆள் பேரா சேச்சி, நாலாயிரம் குடும்பமா?"

அக்கா வெளியே வந்து என்னிடம்தான் கேட்டார். "ஏந் தம்பி, நம்ம காயி சவுதிக்கு, துபாய்க்கெல்லாம் போகுதுல்ல? அங்கன எவனாச்சும் நம்ம காயப் போட்டு எரிச்சா நமக்கு எப்படி இருக்கும்?"  ஜோமோன் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. நாலாயிரம் குடும்பத்தில் என் வீடும் ஒன்று.

அதிகாரிகள் மூன்று பேர் பஞ்சாயத்து ஹாலுக்கு வந்தார்கள். வெளியே மைதானம் நிறைய ஆட்கள். உள்ளே சங்கத்துக்காரர்கள், நான், முன்னால் நாற்காலியில் ஜோதியக்கா. ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தார். ஜோமோன் இங்கிலீஷில் பேசினான், அருமையாகப் பேசினான். எங்கள் கடன், தற்கொலைகள், மூடிய தோட்டங்கள் எல்லாம் சொன்னான், அதில் ஒன்றும் பொய் இல்லை. பிறகு இந்த அம்மாதான் கண்டுபிடித்தவர் என்று அக்காவைக் காட்டினான். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று கை காட்டினார்.

அக்கா எழுந்தார். அவர் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

"அய்யா, நான் கடிச்சது வெளிக்காயிதான். ஆனா அது பழைய சாக்கு மூலையில ஒட்டிக் கெடந்த காயி. அந்தத் தம்பி கொண்டாந்தது அம்புட்டும் நம்ம காயி. எரிச்சதும் நம்ம காயிதான். எரியும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் சொல்லல. ஏசுதாஸ் ஒரு தப்பும் செய்யல. தப்பு பூராம் எம் மேலதான். இத எழுதிக்கிருங்க அய்யா."

ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அதிகாரிகளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஜோமோனைப் பார்த்தார்கள். ஜோமோன் ஒருமுறை தொண்டையைச் செருமினான். பிறகு இங்கிலீஷில் சொன்னான்: சாக்கின் அடியில் மறைத்து வைத்திருந்த வெளிநாட்டுக் காயைத் தானே கடித்துக் கண்டுபிடித்ததாக இந்த அம்மா சொல்கிறார். எரியும்போது மனசு தாங்கவில்லையாம். நம் ஆட்களே இப்படிச் செய்யும்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார். இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார்.

எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். எழுந்து நின்று "அவர் சொன்னது அது இல்லை" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஜோமோன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பெரிய அதிகாரி எழுந்து அக்காவைக் கும்பிட்டார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா தம்பி? எம்புட்டுப் பெரிய மனுசன். நான் செஞ்ச தப்பக் கேட்டுட்டு என்னையக் கையெடுத்துக் கும்புடுறாரு. நெஞ்சில இருந்த பாரம் எறங்கிருச்சு. நீ போடிக்குப் போனா ஏசுதாசப் பாத்துச் சொல்லிரு. அவென் பேரக் கவர்மெண்ட்டு முன்னாடி தொடச்சு வச்சிட்டேன்னு சொல்லு."

அதன் பிறகு அக்கா ஷெட்டுக்குப் போகவில்லை. எர்ணாகுளத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பின்சியோடு போய் இருக்கிறார். சங்கத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை. ஹாலில் நடந்தது நடக்காத மாதிரியே எல்லோரும் இருந்தோம். வரி விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த பருவத்தில் விலை ஏறியது. குவாத்தமாலாவில் விளைச்சல் சரியில்லை என்றார்கள். அங்கே மழை ஏமாற்றியதில் எங்கள் வீட்டில் புது டிவி வந்தது. அந்த ஊரில் குடத்தில் தண்ணீர் சுமந்த ஏசுதாஸ் யாரோ, அவன் என்ன ஆனானோ, நான் விசாரிக்கவில்லை.

ஏசுதாஸைப் பார்க்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. போடியில் ஒரு கோடவுனில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கப்பலில் வந்த காய். ஆள் இளைத்திருந்தான், தோளில் சாக்கு உராய்ந்து தோல் தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு வந்து தண்ணீர் குடித்தான். அக்கா ஹாலில் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் கண் கலங்கியது.

"ஜோதியக்காவா? அம்புட்டுப் பேரு முன்னாடியா?"

அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஏனோ முடியவில்லை. ஜோமோன் இங்கிலீஷில் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை.

"அக்காட்ட இத சொல்லிராதீங்கண்ணே. அது சொல்லிருச்சு. அது மனசு நல்லா இருக்கட்டும்" என்றான். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டான். "நீங்க எப்பண்ணே சொல்லப் போறீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.